நாளைக்கு வாங்க

சோதனைக்கென்று மூன்று எண்களைத்தான் ரக்ஷிதா சேர்த்திருந்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று முதலாளி ஹரிபிரசாத்துடையது, மூன்றாவது புத்தலப்பட்டு மாங்கூழ் ஆலையின் மேலாளர் கோவர்த்தனனுடையது. நான்காவதாகவும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் இல்லை, படம் இல்லை. எண் வர வேண்டிய இடம்கூட வெறுமையாக இருந்தது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைக்கிறதே, இந்தச் சனியன் என்றைக்குத்தான் முடியும் என்று லேப்டாப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை அது. மாங்காய் சீசனில் விவசாயிகள் வாட்ஸ்அப்பில் கேட்பதற்கு ஆலையின் சார்பில் தானாகவே பதில் சொல்கிற சாட்பாட். வருகிற செய்தியில் தெரிந்த சொல் இருந்தால் அதற்கு உரிய பதில் போகும். ஒன்றும் பிடிபடாவிட்டால் கடைசியாக வைத்திருக்கும் பதில் போகும். அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லிக் கொடுத்தவர் கோவர்த்தனன். டிராக்டர் வரிசை ரோட்டைத் தொட்டுவிட்டால் அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்களாம்: ‘நாளைக்கு வாங்க.’

நான்காவது ஆளுக்கும் தினமும் அதே பதில்தான் போயிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். எந்த ஊர் என்று பாட் கேட்கும். முதல் நாள் பாலசமுத்திரம் என்றிருந்தது. அது ரக்ஷிதாவின் சொந்த ஊர். அடுத்த நாள் கங்காதர நெல்லூர். பிறகு சித்தூர், அப்புறம் புத்தலப்பட்டு. ஊருக்குப் பின்னால் ஒரே ஒரு கேள்வி.

‘வரட்டுமா?’

‘நாளைக்கு வாங்க.’

மறுபேச்சில்லாமல் போய்விடுவார். நேற்று சந்திரகிரி என்று எழுதியிருந்தது. அங்கேதான் அவளுக்கு என்னவோ நெருடியது. ஆலை இருப்பது புத்தலப்பட்டில். ஆலையைத் தாண்டி இந்த ஆள் ஏன் அவள் தங்கியிருக்கும் திருப்பதிப் பக்கம் வருகிறார்?

யோசித்து முடிப்பதற்குள் ஹரிபிரசாத்தின் அழைப்பு வந்தது. தானே விவசாயி மாதிரி லோடு கொண்டு வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தாராம், நாளைக்கு வாங்க என்று துரத்துகிறதாம். காலையில் டெமோ. இதைக் காட்டினால் ஆலைக்காரர் காறித் துப்புவார் என்று அரைமணி நேரம் பொரிந்தார். அந்தக் கடைசிப் பதிலை வேண்டாம் என்று முதல் வாரமே சொன்னவள் ரக்ஷிதா. அதை இப்போது சொன்னால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

“வரட்டுமான்னு எவன் கேட்டாலும் வான்னு சொல்லணும், அர்த்தமாகுதா அம்மா? இன்னைக்கே மாத்து. இல்லன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடறேன்.”

வேறு ஆளிடம் கொடுத்தால் அவளுக்கு வேலை நிரந்தரமாகாது. ஆகாவிட்டால் பாலசமுத்திரத்துக்குத் திரும்பி, அம்மா செங்கம்மாவோடு மாந்தோப்பில் கூலிக்குக் கூடை சுமக்க வேண்டியதுதான். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பழைய பதிலை அடியோடு அழித்தாள். ‘தாராளமா வாங்க, வாசல் திறந்துதான் இருக்கு. உள்ளே வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று எழுதினாள். போட்டோ வந்தால் போவதற்கு ‘நன்றி, லோடு வந்து சேர்ந்தது’ என்று இன்னொன்று. ஹைதராபாத்தில் எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றிவிட்டுக் கழுத்தை நெட்டி முறித்தாள்.

திருப்பதியின் கொர்லகுண்டா சந்தில் அது ஒரு மாடி அறை. கூட இருக்கும் பத்மினி ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிப்டு போய்விட்டிருந்தாள். வெளியே மழை தூறத் தொடங்கி, தகரக் கூரையில் பொரி வறுபடுகிற மாதிரி சத்தம் கேட்டது. கீழே யாரோ குக்கர் வைத்திருந்த வாசனைக்கு நடுவே, கனிந்து வெடித்து ஈ மொய்க்கும் மாம்பழத்தின் புளிப்பு நாற்றம் மெல்ல மெல்லப் படியேறி வந்தது. அறையில் ஒரு மாம்பழம்கூட இல்லை. ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகு நாற்றம் அதிகமாயிற்று.

செங்கம்மா அழைத்தாள். குரல் வழக்கம்போல இல்லை.

“வாசக் கதவுல எழுதினு இருந்தத நீதானம்மா அழிச்ச?”

ஆமாம் என்றாள் ரக்ஷிதா. போன முறை ஊருக்குப் போனபோது, ஆபீஸ்காரர்கள் திருவிழாவுக்கு வருவார்கள் என்று, கதவு முழுக்கப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு வந்திருந்தாள். செம்மண்ணால் கோணல்மாணலாக எழுதிய அந்த இரண்டு தெலுங்குச் சொற்களைப் பார்த்தாலே அவளுக்கு மானம் போகும். ரேபு ரா. நாளைக்கு வா. நைனா உயிரோடு இருந்தவரை ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து எழுதுவார். அந்தத் தெருவில் எல்லாக் கதவிலும் அது உண்டு. இருட்டுகிற நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் ஏதோ ஒன்று அதைப் படித்துவிட்டுப் போய்விடும். மறுநாள் வந்து மறுபடி படிக்கும். இந்தக் காலத்திலுமா இதெல்லாம் என்று அவள் சிரித்திருக்கிறாள்.

“அது கேட்டுக்கினே இருக்கும். நாம நாளைக்குன்னு சொல்லிக்கினே இருக்கணும்மா. ஒரு தபா கூட வான்னு சொல்லக் கூடாது.” செங்கம்மா மூச்சு வாங்கினாள். “பெயிண்ட்டு அடிச்சதுலேர்ந்து நம்ம வாசல்ல அது இல்ல. எழுதினு இருந்தத எவ அழிச்சாளோ, அவளத் தேடித்தான் போவுமாம்.”

 அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே ரக்ஷிதா லேப்டாப்பை இழுத்தாள். பழைய பதிலைத் திரும்ப வைத்தால் போதும். ஒரே ஒரு வரி.

கரண்ட் போயிற்று.

வைஃபை போயிற்று, பேட்டரி செத்த லேப்டாப்பும் அணைந்தது. கையில் இருந்த செல்போன் மட்டும் ஒளிர்ந்தது. விளக்கு வைக்கிற நேரம். அம்மாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டுச் சோதனைக் கணக்கைத் திறந்தாள். பெயரில்லாத அந்த இடத்தில் எழுத்துகள் வந்து விழுந்தன.

‘எந்த ஊர்?’ என்றது பாட்.

‘கொர்லகுண்டா. மாடிப்படி.’

எழுந்து ஓடிக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே காலடிச் சத்தம் இல்லை. மழை மட்டும். அந்த நாற்றம் மட்டும். கட்டிலுக்கு வந்து, கதவையே பார்த்தபடி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருப்பது ஆறுதலாக இருந்தது.

‘வரட்டுமா?’

அவளும் அதே உரையாடலில் எழுதலாம். எழுதினாள். விரல் வழுக்கியது. நாளை. நாளைக்கு. நாளைக்கு வா.

பாட் முந்திக்கொண்டது. கண் இமைப்பதற்குள் பதில் போகிறது என்று அவளே ஹரிபிரசாத்திடம் பீற்றிக்கொண்ட வேகம்.

‘தாராளமா வாங்க, வாசல் திறந்துதான் இருக்கு. உள்ளே வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்க.’

காத்திருந்தாள். கதவு அசையவில்லை. தாழ்ப்பாளும் அசையவில்லை. மழை நின்றது. எதுவும் வரவில்லை. எதுவுமே வராது. மூச்சை விட்டாள்.

செல்போன் அதிர்ந்தது. போட்டோ.

இருட்டில் எடுத்த படம். மூடிய கதவு. போட்ட தாழ்ப்பாள். அவளுடைய கதவுதான், உள்ளிருந்து எடுத்தது. அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, அவளைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து. படத்தின் கீழ் ஓரத்தில், செல்போன் வெளிச்சத்தில், குனிந்த ஒரு தலையின் வகிடு தெரிந்தது.

அதற்குக் கீழே பதிலும் போய்விட்டிருந்தது.

‘நன்றி, லோடு வந்து சேர்ந்தது.’