நிரம்பிய கிண்ணம்

"கையைக் கீழே போடுங்க!"

ஒலிபெருக்கியில் பெகிமாய் போட்ட சத்தத்தில் கஜகஸ்தானின் அல்மாட்டி சந்தையே திரும்பிப் பார்த்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றான் திலெக். சுமை தூக்கும் கிர்கிஸ் ஆட்களோடு ஒருவர் விடாமல் கை குலுக்கிக்கொண்டே வந்தவன் அவன்.

"சலாம் சொன்னது ஒரு குத்தமா?"

"வாயால சொல்லுங்க. ஊரெல்லாம் காய்ச்சல் பரவிக்கிடக்கு, உங்களுக்குக் கை குலுக்கல் கேக்குதா? முகக்கவசம் எங்கே?"

"பையில பத்திரமா இருக்கு."

"காய்ச்சல் பைக்கா வரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு, "இப்ப சரியா, டாக்டரம்மா?" என்றான்.

மழை அவன் இமையில் சொட்டிக்கொண்டிருந்தது. கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... வெறும் கண்கள்தான். அடுத்துச் சொல்ல வேண்டியது பெகிமாய்க்கு மறந்தேபோயிற்று!

அவள் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. சந்தை ஓரத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவள். அந்நிய மண்ணில் பிழைக்கும் நம் ஆட்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள் என்று கிர்கிஸ் தூதரகம் கேட்டபோது, தொண்டை பெரியது என்பதற்காக அந்த வேலையில் அவளைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து திலெக் கடைக்கு வந்தான். அவள் ஊற்றுவாள். எங்கள் கிர்கிஸ் பக்கத்தில் தேநீரைக் கிண்ணத்தின் அடியில் ஒரு வாய் மட்டும்தான் ஊற்றுவது. குடித்ததும் மறுபடி ஒரு வாய். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று அதற்கு அர்த்தம். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"என்னங்க, கஞ்சத்தனமா ஊத்துறீங்க?" என்பான், எல்லாம் தெரிந்துகொண்டே.

"வேணும்னா நிறைய ஊத்தட்டுமா?"

"ஐயய்யோ வேண்டாம்!"

கிண்ணம் வாங்கும்போது விரல் பட்டும் படாமலும்... அதற்கே அவளுக்குக் காது சிவந்துவிடும். சொல்லட்டுமே, அவனே முதலில் சொல்லட்டுமே என்று இருந்தாள். பாழாய்ப்போன ரோஷம்!

காய்ச்சல் முற்றியது. ஒருநாள் காலை அவள் எல்லாரையும் கூட்டிச் சொன்னாள். "இனிமே ஆளுக்கு ஒரு கிண்ணம். ஒரே தடவைதான் ஊத்துவோம், நிறைய ஊத்துவோம். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று மாலை மழையில் நனைந்துகொண்டு திலெக் வந்தான். என்றும் இல்லாத இஸ்திரி போட்ட சட்டை. கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போயிற்று. பெகிமாய்க்கோ உடம்பு அனலாய்க் கொதித்தது. இவனுக்கும் ஒட்டிக்கொண்டால்? தள்ளி நின்று, கிண்ணம் வழிய ஊற்றி, மேசைமேல் வைத்தாள்.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"புரிஞ்சுதுங்க," என்றான்.

அப்பாடா, இவனும் ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். கவசத்துக்குள் சிரிக்கக்கூடச் செய்தாள், அசடு!

அவள் படுக்கையை விட்டு எழுந்தபோது அவன் ஊருக்குப் போய்விட்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும், நான் ஏன் தேட வேண்டும் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

பனி உருகிய பிறகு ஒரு மாலை, கடை வாசலில் அதே கண்கள். இப்போது கவசம் இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தான்.

அவள் கிண்ணம் எடுத்து ஊற்றினாள். அடியில் ஒரே ஒரு வாய்.

"இப்ப மட்டும் என்ன கொஞ்சமா?" கசப்பாகச் சிரித்தான்.

"எப்பவும் அப்படித்தானே?"

"கடைசியா வந்தப்ப வழிய வழிய ஊத்துனீங்களே."

"ஐயோ... அது காய்ச்சலுக்காக! காலையில எல்லாருக்கும் சொன்னேனே!"

"காலையில நான் எங்கே இருந்தேன்? எல்லையில சரக்கு இறக்கிட்டு, சட்டையை மட்டும் மாத்திக்கிட்டு நேரா இங்கேதான் வந்தேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"போன்னு கிண்ணமே சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் எந்த முகத்தோட கேப்பேன்?" "பையில தோடு வச்சிருந்தேன். உங்க காதுக்கு."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தோடு போட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அவள் கை தானாகத் தன் வெறும் காதைத் தொட்டது.

"இப்ப... அந்தத் தோடு?"

"அம்மா வேற பொண்ணுக்குப் போட்டுட்டாங்க. நல்ல பொண்ணு. அடுத்த மாசம் கல்யாணம்."

கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் இறக்கவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு," என்றாள். ஊருக்கெல்லாம் கேட்கக் கத்தியவளுக்கு இதைச் சொல்லக் குரல் வரவில்லை. "ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"தெரியாமப் போச்சே..."

அந்த ஒரு வாயை அவன் குடித்தான். அவள் மறுபடி ஒரு வாய் ஊற்றினாள். அதையும் குடித்தான். மூன்றாவது முறை அவள் ஒரு வாய் ஊற்றியபோது, கிண்ணத்தை அவன் எடுக்கவில்லை.

"நிறைய ஊத்துங்க, பெகிமாய்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ஊத்தினாத்தான் என்னால போக முடியும்."

அவள் ஊற்றினாள்.