ஆள் இல்லாத டிரம்ஸ்

மூடிக்கிடந்த அச்சகத்தின் அடித்தளத்திலிருந்த ஒத்திகை அறைக்குப் படியிறங்கும்போதே கிட்டார்காரனுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. நேற்று இன்னொரு டிரம்மரும் கம்பி நீட்டிவிட்டான். கல்லூரி மேடைகளில் அடுத்தவர் பாட்டை வாசித்துத் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு அது. பிறகு சொந்தப் பாட்டுகள் வந்தன. எந்தக் கம்பெனியும் சீண்டவில்லை. நாமே பதிவு செய்து வெளியிடுவோம் என்று இறங்கிவிட்டார்கள். இந்த ஆல்பம் வராவிட்டால் குழு கலைந்துவிடும். அது கலைந்தால் தனக்கென்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை என்பதுதான் அவனுடைய பயம்.

“தப்பு உன்மேலதாண்ணே,” என்றாள் குழுவின் பாடகி, அவன் தங்கை. “பதிவைப் போட்டுக் காட்டி, ‘எங்க சொதப்பினன்னு நீயே கேளு’ன்னு சொல்லியே எல்லாரையும் துரத்திட்ட.”

“தாளம் வராதவனோட மாரடிக்கச் சொல்றியா?”

பேஸ் கிட்டார் வாசிக்கும் ‘டயர்’ குனிந்து சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். பகலில் டயர் கடை வேலை, அதனால் அந்தப் பெயர். இவர்கள் சண்டையில் தலையிட்டு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

டிரம்ஸைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தாளம் தவறாமலிருக்க ஹெட்போனில் ஒலித்த டிக் டிக்கை வைத்து மூவரும் ஒரு பாட்டை முழுதாக வாசித்தார்கள். அறையில் பழைய மையின் வாடை. முன்பு வாடகைக்கு இருந்த யாரோ விட்டுப்போன டிரம்ஸ் மூலையில் தூசி படிந்து நின்றது.

கிட்டார்காரன் பதிவைப் போட்டான்.

டிரம்ஸ் கேட்டது.

ஒரு சறுக்கல் இல்லை. நெஞ்செலும்பில் இறங்கும் அடி.

“அண்ணே, போயிடலாம்.” தங்கை கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“போறதா? இப்பதான் ஒருத்தன் ஒழுங்கா அடிக்கிறான்!”

சொன்னபோது அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மறுபடியும் வாசிக்க வைத்தான். பாதியில் அவன் விரல் ஒருமுறை தடுமாறியது. பதிவில் அந்த இடத்தோடு அவன் கிட்டார் நின்றுபோயிருந்தது. மற்றதெல்லாம் தொடர்ந்தது.

வயரை மாற்றினான். மீண்டும் வாசித்தார்கள்.

இந்த முறை தொடக்கத்திலிருந்தே அவன் இல்லை.

“உன் கிட்டார் எங்கடா?” டயர் கிசுகிசுத்தான்.

ஆத்திரத்தில் கம்பியை ஓங்கி மீட்டினான். ஆம்ப்ளிஃபயர் அலறியது. பதிவுக் கணினியின் திரையில் அவன் கிட்டாருக்கான ஒலிக்கோடு மட்டும் அசையவில்லை.

“இது நான் ஆரம்பிச்ச குழு!” மூலையைப் பார்த்துக் கத்தினான். அழுகை வரும்போல இருந்தது.

டிரம்ஸ்மேல் இருந்த தூசிகூடக் கலையவில்லை.

பிறகு, யாரும் எதையும் தொடாமலே, ஸ்பீக்கரில் குச்சியோடு குச்சி தட்டும் சத்தம். டிரம்ஸ் எழுந்தது. பேஸ் சேர்ந்துகொண்டது. தங்கையின் குரல் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு வந்தது. அவர்கள் இதுவரை வாசித்த எதையும்விட நன்றாக இருந்தது. அவன் எழுதாத பாட்டு.

டயரின் இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன.

தங்கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடி நின்றிருந்தாள்.