பதினாலாம் எண் விடைத்தாள்

திங்கட்கிழமை, காலை 9.10.

தாழ்வாரச் சுவரில் மாட்டியிருந்த தகரப் பெட்டிக்குள் ஒரு செத்த ஈ கிடந்தது. இருக்க வேண்டிய காகிதம் இல்லை. நைரி தவுதாரி ஈயை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். பூட்டு உடையவில்லை, தகரம் நெளியவில்லை. சாவி இருக்கிற யாரோதான் திறந்திருக்க வேண்டும், அல்லது காகிதத்தை யாரும் போடவே இல்லை.

நைரிக்கு வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு வருஷம் போலீஸில் ஓடியாடிவிட்டு, இப்போது வைமாரா விவசாயக் கல்லூரியில் புகார் விசாரிக்கும் வேலை. ஆடு வளர்ப்பும் கம்பளி கத்தரிப்பும் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் என்ன பெரிய புகார் வந்துவிடப் போகிறது என்று நம்பித்தான் வந்தார். மனிதர்கள் இருக்கும் இடமெல்லாம் ஒன்றுதான் என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது.

அந்தப் பெட்டி ஒரே ஒரு காரியத்துக்கானது. ஆசிரியரும் மாணவரும் காதலித்தால் கல்லூரி குறுக்கே நிற்காது. வயது வந்தவர்கள், இருவருக்கும் சம்மதம், அவ்வளவுதான். ஆனால் அதை ஒரு படிவத்தில் எழுதி ஏழு நாளுக்குள் பெட்டியில் போட வேண்டும். துறைத்தலைவர் படித்துப் பார்த்து, அந்த மாணவரின் விடைத்தாள் அந்த ஆசிரியர் கைக்குப் போகாதபடி செய்து, மூன்று நாளுக்குள் முதல்வருக்கு அனுப்ப வேண்டும். எழுதிப் போடாமல் மறைத்த ஆசிரியருக்கு வேலை போகும்.

இன்று காலை ஏழரைக்கு ஒரு மாணவனின் அம்மா முதல்வருக்குப் போன் செய்திருந்தார். கம்பளி கத்தரிக்கக் கற்றுக்கொடுக்கும் ஜோலீனும், காலம் என்ற இன்னொரு மாணவனும் கடைத்தெருவில் கைகோத்துக்கொண்டு போனதைப் பார்த்தாராம். படிவம் எதுவும் வரவில்லை என்றார் துறைத்தலைவர் டெஸ்மண்ட். போட்டேன் என்றாள் ஜோலீன். நைரி மூன்று மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலை போனால் கல்லூரி கொடுத்த வீடும் போகும். அதில் அவளோடு ஒன்பது வயது மகள் இருக்கிறாள்.

9.40. கத்தரிப்புக் கொட்டகை.

ஜோலீன் கத்தரி முனைகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு வயது. அழுது முடித்த முகம்.

"போன செவ்வாக்கிழமை காலையில என் கையால போட்டேன், ஆன்ட்டி."

கல்லூரியில் எல்லோருக்கும் நைரி ஆன்ட்டிதான்.

"நகல் எடுத்தியா?"

"இல்ல. ஆடு வித்த ரசீதா அது, நகல் எடுக்க?"

"எப்ப ஆரம்பிச்சுது?"

"அதுக்கு முந்தின வாரம். பேய் மழை பெஞ்சுதே, அப்ப. இந்தக் கொட்டகைக் கூரை ஒழுகுச்சு. ஒழுகுற எடமெல்லாம் வாளி வெச்சான். இருபது பேரு நின்னாங்க, அவனுக்குத்தான் தோணுச்சு."

"எழுத்துப் பரீட்சையில அவன் தாளைத் திருத்துனியா?"

"எனக்கெப்படித் தெரியும்? தாள்ல பேர் இருக்காது, நம்பர்தான். வியாழக்கிழமை காலையில டெஸ்மண்ட் கட்டு கொடுத்தாரு. ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எனக்கு, மிச்சம் அவருக்கு. என் கட்டுல பத்தொன்பதுதான் இருந்துச்சு, பதினாலு இல்ல. எவனோ பரீட்சைக்கு வராம தூங்கிட்டான்போல." எண்ணெய்க் குப்பியை மூடினாள். "என் வீடு போயிடுமா ஆன்ட்டி?"

நைரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மூணு மணிக்குச் சொல்றேன்," என்றார்.

10.30. அலுவலகம்.

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று துறைத்தலைவர் டெஸ்மண்டிடம். இன்னொன்று அலுவலக எழுத்தர் ஃபேட்டுவிடம். ஃபேட்டு சமோவாக்காரர், நாற்பத்தைந்து வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர். அவருடைய அக்கா மகளோடு ஒரு வருஷம் பழகிவிட்டுக் கழற்றிவிட்டவன்தான் இந்தக் காலம். ஊருக்கே தெரிந்த கதை.

"அவனைக் கண்டா எனக்கு ஆகாது. ஒளிக்க என்ன இருக்கு? அதுக்காகக் காகிதத்தைத் திருடுவேனா? வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தொறந்தேன். காலி."

"பரீட்சை அன்னிக்கு யாராச்சும் வரலையா?"

"புதன்கிழமையா? நாற்பது பேரும் வந்தாங்க. நாற்பது ஸ்கோன் ரொட்டி சுட்டு, வாசல்ல நின்னு ஆளுக்கொண்ணு கையில கொடுத்துத்தான் உள்ள விட்டேன். எனக்குன்னு ஒண்ணுகூட மிஞ்சல."

"காலத்துக்கும் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். இருக்கறதுலயே சின்னதாப் பார்த்து."

நைரிக்குச் சிரிப்பு வந்தது. அன்று வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

11.20. மாணவர் விடுதி.

காலத்துக்கு இருபத்தொன்பது வயது. லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் படிக்க வந்தவன். இன்னும் மூன்று வாரத்தில் படிப்பு முடிகிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஜோலீன் சொன்னதையே சொன்னான். பிறகு அவனே ஒன்று கேட்டான்.

"நான் படிப்பை விட்டுட்டுப் போயிட்டா அவ வேலை தப்புமா, ஆன்ட்டி?"

"தப்பாதுப்பா. மறைச்சாளா இல்லையாங்கறதுதான் கேள்வி. கிறுக்குத்தனமா எதுவும் பண்ணி வைக்காதே."

தலையை ஆட்டினான். அந்த ஆட்டலில் நைரிக்கு நம்பிக்கை இல்லை.

12.15. துறைத்தலைவர் அறை.

டெஸ்மண்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. மேசைக்கடியில் அவருடைய மேய்ச்சல் நாய் படுத்திருந்தது.

"பெட்டியைத் தொறந்தீங்களா?"

"போன வாரம் கிட்டயே போகல. வியாழன் மத்தியானமே இதைக் கூட்டிக்கிட்டு நாய்ப் போட்டிக்குக் கெளம்பிட்டேன்."

"எந்த நம்பர் யாரோடதுன்னு பட்டியல் இருக்குமே?"

"என் பெட்டகத்துல. ஃபேட்டுவுக்குக்கூடக் காட்ட மாட்டேன். அதுல நான் கறார்." டெஸ்மண்ட் நாயைத் தடவினார். "ஜோலீன் நல்ல பொண்ணுதான், நைரி. ஆனா விதின்னா விதிதானே."

"மதிப்பெண் பதிவேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். நைரி ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். காரில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

2.20. முதல்வர் அறை.

முதல்வர், டெஸ்மண்ட், நைரி. மூன்று பேர்தான். நாய் வெளியே காத்திருந்தது.

"படிவத்தை எடுத்தது டெஸ்மண்ட்," என்றார் நைரி.

"உளறாதீங்க."

"பரீட்சைக்கு நாற்பது பேரும் வந்தாங்க. ஆனா ஜோலீன் கட்டுல பதினாலாம் தாள் இல்ல. பதிவேட்டுல பதினாலுக்கு எழுபத்தொரு மார்க் இருக்கு. பக்கத்துல உங்க கையெழுத்து."

"சும்மா ஒண்ணை எடுத்துத் திருத்திப் பார்த்தேன். தரம் எப்படி இருக்குன்னு."

"இருபதுல ஒண்ணே ஒண்ணு. சரி. அது யாரோடதுன்னு உங்க பட்டியலைப் பார்த்துடலாமா?"

முதல்வர் கை நீட்டியதும் டெஸ்மண்ட் பெட்டகத்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"பார்க்கவே வேண்டாம்," என்றார் மெதுவாக. "காலத்தோடதுதான்."

"அந்த நம்பர் அவனோடதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்றார் நைரி. "அவ கைக்கு அது போகக் கூடாதுன்னு தெரியணும்னா படிவத்தைப் படிச்சிருக்கணும். வியாழக்கிழமைக்கு முந்தியே பெட்டியைத் தொறந்து படிச்சிருக்கீங்க. விதிப்படி தாளையும் பிரிச்சு வெச்சீங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

கதை சின்னதுதான். முதல்வருக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைக் காரில் போட்டு மறந்துவிட்டு நாய்ப் போட்டிக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வந்தது. மூன்று நாள் கெடு தாண்டிவிட்டது. போன வருஷமே இதே மாதிரி தாமதத்துக்கு எச்சரிக்கை வாங்கியவர். இன்னொன்று என்றால் பதவி போகும்.

"காலையில முதல்வர் போன் பண்ணி, படிவம் வந்துச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னு வாய் முந்திக்கிச்சு. சொன்னதுக்கப்புறம் அடுப்புல போட்டேன்."

நைரிக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. அந்தத் தாளை ஜோலீனின் கட்டுக்குள்ளேயே விட்டிருந்தால் இந்த மனிதரை யாராலும் தொட்டிருக்க முடியாது. ஒழுங்காகச் செய்த ஒரே காரியத்தால் மாட்டிக்கொண்டார். ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் தெருவில் நிறுத்தப் பார்த்தவர் என்பதும் நிஜம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நைரிக்குத் தெம்பில்லை.

2.45. கொட்டகை.

வேலை போகாது என்று சொன்னதும் ஜோலீன் பக்கத்திலிருந்த கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நைரி நினைத்தார்.

"அவன் போயிட்டான் ஆன்ட்டி. பன்னெண்டு மணிக்கே படிப்பை விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு, அப்பா வீட்டுக்குப் போயிட்டான். இப்பத்தான் போன் பண்ணினான். கடிதத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா திரும்ப எடுக்க முடியாதாமே? அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து சேரணுமாம். அவன்கிட்ட அதுக்குப் பணம் இல்ல."

விலகல் கடிதத்தைக் கணினியில் ஏற்றுவது ஃபேட்டுவின் வேலை. அதற்கு இரண்டு நிமிஷம் போதும். இந்தக் கல்லூரியில் காலத்தின் பெயரை நீக்க மிகவும் ஆசைப்படக்கூடிய ஆளும் அவர்தான். நைரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலுவலகப் படி ஏறினார்.

2.55.

"காலம் கொடுத்த கடிதம்?"

ஃபேட்டு தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். கடிதம் அதற்கடியில் இருந்தது.

"இன்னும் ஏத்தல."

"மூணு மணி நேரமாவா?"

"கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு."

கணினித் திரையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டு வரிகள் பளிச்சென்று தெரிந்தன. நைரி திரையைப் பார்த்தார், பிறகு ஃபேட்டுவைப் பார்த்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க ஆன்ட்டி," என்றார் ஃபேட்டு, கடிதத்தை நீட்டி. "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."