முதல் வாய்

வந்த ஹாட் டாக்கில் ஒரு வாய் குறைந்திருந்தது.

நீளமான பன், நடுவில் கரியடுப்பில் சுட்டு வெடித்த சாஸேஜ், மேலே வளைந்து வளைந்து ஓடிய கடுகு சாஸ். எல்லாம் சரி, வலது முனை மட்டும் இல்லை. ஒடிந்து விழுந்திருக்குமோ என்று ஜெபமலர் தட்டுக்கு அடியில், மடியில், தரையில் எல்லாம் தேடினாள். கடை திறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, வாசலில் கட்டிய பலூன்கூட இன்னும் சுருங்கவில்லை, அதற்குள் இந்த லட்சணம்.

"தம்பி, இங்க வாங்க. இதென்ன, ருசி பாத்துட்டுத்தான் கொண்டு வருவீங்களா?"

கடைக்காரன் கௌதமன் அடுப்படியிலிருந்து இடுக்கியோடு ஓடிவந்தான். திருச்செங்கோட்டுக்காரன், சொல்லுக்குச் சொல் ஒரு 'ங்க' போடுகிறவன். தட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது.

"ஐயோ, நானேதானுங்கக்கா கொண்டாந்து வெச்சேன். முழுசாத்தானுங்க இருந்துச்சு. செத்த இருங்க, வேற சுட்டுத் தாரேன்."

தட்டை எடுத்துக்கொண்டு போனான். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது அந்தக் கடை. தகரக் கொட்டகை, பத்து மேஜை, ஓரத்தில் பாதியாக அறுத்த பீப்பாய்க்குள் கரி கனன்றுகொண்டிருந்தது. நேரம் ஆறு ஆகியிருக்கும். நவம்பர் தூறல் தகரத்தில் பொரிந்துகொண்டிருக்க, மலையிலிருந்து இறங்கும் பஸ்களின் பிரேக் தீய்ந்த நாற்றமும், கோழித்தொடையின் கொழுப்பு கரியில் சொட்டிக் கிளம்பும் புகையும் ஒன்றாகக் கலந்து மேஜை மேஜையாகத் தவழ்ந்து போயின. மழைக்குப் பயந்தோ என்னவோ, அவளைத் தவிர யாரும் இல்லை.

இன்று கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற நாள். அவள் புருஷன் ஆண்ட்ரூஸ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து வருகிற முதல் கல்லறைத் திருநாள். அவள் போகவில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை.

பத்தொன்பது வருஷம். அவள் தட்டில் எது விழுந்தாலும் முதல் வாய் அவருக்கு. "ருசி பாக்கறேன்" என்பார். வடை, ஐஸ்கிரீம், காய்ச்சலுக்கு வாங்கிய ரொட்டித் துண்டு, எதுவானாலும் அவர் கடித்த மிச்சம்தான் அவளுக்கு. அவள் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போகிற டிபன் பாக்ஸையும் விட்டதில்லை. மதியம் திறந்தால் நாலு இட்லியில் ஒன்று கடிபட்டிருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள், "எவ்ளோ பாசம்! நீ குடுத்து வெச்சவடி" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். ஒரு தடவை மாம்பழத்தை ஒளித்துவைத்துத் தின்றாள் என்று மூன்று நாள் அவளுக்குச் சோறு இல்லை. அதை யாரிடம் சொல்வது?

இன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாரும் வாய் வைக்காத முழுசு. முதல் வாய் தன்னுடையது. அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

போன் அடித்தது. நாத்தனார் ஜெஸ்ஸி.

"அண்ணி, எங்க இருக்கீங்க? ஃபாதர் வந்து கல்லறைய மந்திரிச்சுட்டுக்கூடப் போயிட்டாரு. அண்ணனுக்குப் புடிச்ச மட்டன் வறுவல் வெச்சிருக்கோம். உங்க கையால ஒரு வாய் வெச்சாத்தானே அவருக்கு எறங்கும்?"

"எனக்குப் பசிக்குது ஜெஸ்ஸி. நான் சாப்பிடப் போறேன்."

"என்ன பேச்சு அண்ணி இது! அவரு பசியோட இருப்பாரே!"

"இருக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தாள்.  நெஞ்சுக்குள் என்னவோ சில்லென்று இருந்தது, நல்லாத்தான் இருந்தது.

இரண்டாவது தட்டு வருவதை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். கௌதமன் பன்னைப் பிளந்தான், சாஸேஜை வைத்தான், சாஸை ஊற்றினான், நேராக நடந்து வந்து வைத்தான். முழுசு. இரண்டு முனையும் இருந்தது. "இப்பப் பாருங்கக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். கை துடைக்கக் காகிதம் எடுக்க அவள் பக்கவாட்டில் திரும்பினாள். ஒரு கண் சிமிட்டு நேரம்தான்.

வலது முனை இல்லை.

இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து கடிவாயைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக ரோஸ் நிற மெழுகுத் தகட்டை நோயாளிகள் வாயில் வைத்து, "கடிங்க, விடுங்க" என்று அச்சு எடுக்கிறவள். கடியைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவாள். பன்னில் வளைவாகப் பல்தடம். ஆனால் மேல்பக்கம், நட்டநடுவில், இரண்டு பல் அகலத்துக்கு பன் கடிபடாமல் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மேல்வரிசை முன்பல் இரண்டும் இல்லாத வாய்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்துக்கு வேலைக்குப் போனபோது இரும்பு ராடு அடித்துப் பறிபோன இரண்டு பல். டாக்டர் சும்மாவே கட்டித் தருகிறேன் என்றார். அவளே அச்சு எடுத்தாள். "இந்த ஓட்டையும் நல்லாத்தான் இருக்கு" என்று கடைசிவரை ஆண்ட்ரூஸ் கட்டிக்கொள்ளவே இல்லை.

புகை வாசனைக்குள் இன்னொரு வாசனை கிளம்பியது. கிரீஸ். ஈரமண். மெழுகுவத்தி அணைத்த திரி.

தூறல் சத்தத்துக்கு அடியில் ஒரு சத்தம். மெல்லும் சத்தம். மெல்லுவதற்கு நடுவில், பல் போன இடத்தில் காற்றை உறிஞ்சுகிற ஸ்ஸ். மெல்லு. ஸ்ஸ். மெல்லு. பத்தொன்பது வருஷம் எதிரில் உட்கார்ந்து கேட்ட சத்தம்.

எதிரே நாற்காலி காலி. ஆனால் பிளாஸ்டிக் கால்கள் கொஞ்சம் விரிந்திருந்தன. கனமான ஆள் உட்கார்ந்தால் விரியுமே, அப்படி.

ஐயோ.

 எழுந்து ஓடு என்றது உடம்பு. பை தோளில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் ரோடு, பஸ், ஆட்கள்.

அவள் ஓடவில்லை. பயம்தான், இல்லை என்று யார் சொன்னது? குடல் வரைக்கும் பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் மூன்று நாள் சோறில்லாத ஒரு கோபம் உட்கார்ந்திருந்தது, அது எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"எந்திரிச்சு ஓடுவேன்னு நெனச்சியா?" என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. உயிரோடு இருந்தவரை ஒருநாள்கூட அவரை 'நீ' என்று சொன்னதில்லை. "செத்தும் எச்சில் பண்றியா? பாத்துக்கலாம் வா."

மெல்லும் சத்தம் நின்றது.

அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். "தம்பி, தட்டு வேண்டாம். என் கையிலயே குடுங்க."

"சூடா இருக்குமுங்கக்கா..."

"இருக்கட்டும். குடுங்க."

இடுக்கியிலிருந்து பன்னுக்கு, பன்னிலிருந்து அவள் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. நாக்கு வெந்தது. கொழுப்பு தெறித்து முகவாயில் வழிந்தது. முதல் வாய். அவளுடையது. புகையும் உப்பும் கடுகின் காரமும் மூக்கில் ஏறிக் கண்ணீர் வந்தது, அந்தக் கண்ணீரோடு சிரித்தாள். அடேங்கப்பா, முதல் வாய் என்றால் இப்படித்தான் இருக்குமா!

தின்றுகொண்டே திரும்பி வந்து தன் நாற்காலியில், காலி நாற்காலியில் இருந்தவனுக்கு எதிரில், உட்கார்ந்தாள். மறு முனையை ஏதோ பிடித்து இழுத்தது. லேசாக இல்லை. வெடுக்கென்று. அவள் விடவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கடித்தாள். இழுத்தது. கடித்தாள். மெல்லவில்லை, விழுங்கினாள். கடைசித் துண்டு. விரலில் ஒட்டிய சாஸ். மடியில் உதிர்ந்த துகள். ஒன்று விடாமல்.

வெறும் இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"பாத்தியா? இன்னைக்கு மிச்சம் இல்ல. ஒண்ணுமே இல்ல. பட்டினி கெட."

தூறல் நின்றிருந்தது. பஸ் எதுவும் இறங்கவில்லை. கரியில் கொழுப்பு சொட்டுகிற சத்தம்கூட இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

அப்புறம் அந்தச் சத்தம். மெல்லு. ஸ்ஸ். மெல்லு.

எதை?

மேஜையில் ஒன்றுமில்லை. தட்டில்லை, துகளில்லை.

கீழே பார்த்தாள்.

அவள் இடது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு வாய் குறைந்திருந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. மெழுகில் எடுத்த அச்சு மாதிரி ரோஸாக, சுத்தமாக, வளைவாக. வளைவின் நடுவில், இரண்டு பல் அகலத்துக்கு, தோல் மட்டும் கடிபடாமல் நீட்டிக்கொண்டு நின்றது.

கையை இழுத்தாள். வரவில்லை. மணிக்கட்டில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

ஜெபமலர் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலது கையை உயர்த்தினாள்.

"தம்பி" என்றாள்.  தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும், சத்தமாக, எதிரில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு இன்னொன்னு கொண்டாங்க. முழுசா."

கௌதமன் சிரித்துக்கொண்டே இடுக்கியோடு வந்தான். பாதி வழியில் அவள் கையைப் பார்த்தான். அப்புறம், எதிர் நாற்காலியைப் பார்த்தான்.

இடுக்கி கீழே விழுந்தது.