தைக்கக் கூடாத கிழிசல்

காற்றே இல்லை. நான்கு சன்னல்களையும் பனிமூட்டம் வெள்ளையாக அடைத்திருந்த அந்தப் பின்னேரத்தில், விட்டத்தில் தொங்கிய பதினைந்து படங்குச் சாக்குகளில் கடைசியானது மட்டும் மெல்லப் புடைத்து, மெல்ல அமுங்கியது. வேறொன்றைத் தைத்துக்கொண்டிருந்த கேத்ரின் ஊசியை நிறுத்தினாள்.

கந்தப்பளைத் தோட்டத்தில் மூடிக்கிடந்த பிள்ளைக்காம்பராவைக் கண்காட்சிக்காகக் கேட்டு வாங்கி, இரண்டு மாதமாக அதிலேயே தனியாகத் தங்கியிருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஒருகாலத்தில் பிள்ளைகளை விட்டுப்போன நீளக் கூடம் அது. அந்தப் பெண்கள் இடுப்பில் கட்டித் தேய்ந்த படங்குச் சாக்குகளை இடுப்புயரத்தில் தொங்கவிட்டு, கிழிசல்களைச் சிவப்பு நூலால் தைத்துவந்தாள். மூச்சை இழுக்கும்போது ஒரு குத்து, விடும்போது ஒரு இழுப்பு. மனம் அதைவிட்டு நகரக் கூடாது. அதுதான் தன் கலை என்று கொழும்பில் விளக்குவாள். உண்மையில், பேச ஆளில்லாத வீட்டில் தன் மூச்சாவது காதில் விழட்டும் என்றுதான் தொடங்கினாள்.

இப்போது இரண்டு மூச்சுக் கேட்டது.

ஈரச் சாக்கும் தேயிலைக் கறையும் மென்ற வெற்றிலையும் கலந்த வாடை, அந்த மூச்சோடு சேர்ந்து வந்து வந்து போனது. பயமாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பிய நாகலெட்சுமி வாசலில் நின்றாள். படங்குகளைச் சேர்த்துக் கொடுத்தவள் அவள்தான். உள்ளே பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

"தங்கச்சி, அந்தக் கடைசிப் படங்கையும் தச்சிட்டீங்களா?"

"நேத்துத்தான் முடிச்சேன். ஏன் அக்கா?"

"அது அழகம்மாவோடது. செத்து மூணு மாசம். செத்தவங்க படங்க நாங்க தைக்கிறதில்ல, கிழிசலோடயே விட்டுருவோம். அவங்க மூச்சு அது வழியாத்தான் போகணும்."

"நீங்க சொல்லவே இல்லையே."

"சும்மா தொங்கப்போடத்தான்னு நெனச்சேன். பிரிச்சிருங்க, இப்பவே."

உள்ளே கால் வைக்காமலே பனிமூட்டத்துக்குள் போய்விட்டாள். படியிறங்கும் செருப்புச் சத்தமும் சற்று நேரத்தில் அடங்கியது.

கேத்ரின் கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் தையலை வெட்டினாள். நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இரண்டாவதை வெட்டினாள். மூச்சு பாதியில் நின்றது. மூன்றாவதற்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் புரிந்தது. மூச்சுக்கு ஒரு குத்தாக, தன் மூச்சையே அல்லவா இதற்குள் வைத்துத் தைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் பிரித்தால் அழகம்மாவோடு அதுவும் போய்விடும்.

கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

சாக்கு புடைத்தது. அவள் நெஞ்சில் காற்று ஏறியது. சாக்கு அமுங்கியது. காற்று இறங்கியது.

கதவு எட்டே அடி. ஒரு அடி வைத்தாள். மூச்சு அறுந்தது. அந்த அடியைப் பின்னுக்கு எடுத்தாள். திரும்பக் கிடைத்தது.

சரி. இங்கேயே நிற்கலாம். யாராவது வருவார்கள். அதுவரை இந்தச் சாக்கு மூச்சை விட்டால் விடலாம். இழுத்தால் இழுக்கலாம்.

மறுபடியும் புடைத்தது. இம்முறை அவசரமே இல்லாமல். மிச்சத் தையல்கள் விறைக்கும்வரை. நிறைமாத வயிறு மாதிரி.

அவள் நெஞ்சும் நிறைந்தது. விடக் காத்திருந்தாள்.

சாக்கு அமுங்கவில்லை.