மையடித்த வரி

மை பூசி மறைத்திருந்த வரி திரையில் முத்து முத்தாக வந்திருந்தது.

வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் மின்னல் காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வக்கீலம்மா தடித்த பேனாவால் முன்னும் பின்னும் அழுத்திப் பூசிய கறுப்பு இன்னும் லேசாக மருந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. சூரியனே வந்தாலும் அதற்குள் நுழைய முடியாது. போனில் படம் பிடித்தபோதும் கறுப்பாகத்தான் இருந்தது. திரையிலோ, "நான் தற்போது தங்கியிருப்பது பழைய தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி, பின்பக்க அறை" என்று ஒரு கால்புள்ளி குறையாமல் இருந்தது. கீழே ஒரு போன் எண்ணும் இருந்தது.

அது ஒரு தையல்காரம்மாவின் வாக்குமூலம். தன் கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் நின்று ஒரு கொலையைப் பார்த்தவர்; பார்த்தது அவர் ஒருவர்தான். நாளை மறுநாள் அதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதுவரை அவர் இருக்குமிடம் வக்கீலம்மாவைத் தவிர ஈ காக்கைக்கும் தெரியாது.

காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது வக்கீலம்மா சொல்லிவிட்டுத்தான் போனார். "மின்னல், இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. நீயே டைப் அடி, நீயே பிரிண்ட் எடு."

"கவலைப்படாதீங்க மேடம். கதவைப் பூட்டிட்டே அடிக்கிறேன்."

பூட்டவும் செய்தாள். சும்மா சொல்லக் கூடாது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள்தான். ஆனால் அவள் டைப் அடித்து எட்டு மாதமாகிறது. கையெழுத்தைப் படம் பிடித்துப் போட்டால் அரை நிமிடத்தில் தட்டச்சாக்கித் தரும் இணையதளம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. காசு கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? விவாகரத்து, பாகப்பிரிவினை, பெண்கள் அழுதழுது எழுதிய புகார்கள் எல்லாம் அதன் வாய்க்குள் போய் வந்தன, ஆபீஸில் அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர் வந்தது. படத்தை அனுப்பும்போதும் பூட்டிய அறைக்குள்ளேதானே உட்கார்ந்திருக்கிறோம், இதில் வெளியே போவதற்கு என்ன இருக்கிறது என்று மனதார நம்பினாள்.

பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஏதோ இருந்தது. குனிந்து படித்தாள். பார்த்தவர்கள்: 3.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் கடக்கென்று முனகியது, வராந்தாவில் யாரோ வாளியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள், மூலையிலிருந்த பிரிண்டர் சூடான பிளாஸ்டிக் வாடையை மெல்ல விட்டுக்கொண்டிருந்தது, இத்தனைக்கும் நடுவில் அந்த மூன்று ஏழாயிற்று.

அழி என்ற பொத்தானை அழுத்தினாள். "நன்றி. உங்கள் கோப்பு எங்கள் கூட்டாளிகளிடம் பத்திரமாக இருக்கிறது" என்று வந்தது. முதல் நாள் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தது நினைவுக்கு வந்தது. எதற்குச் சம்மதம் என்று அன்று படிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பதினாறு.

வக்கீலம்மாவுக்குச் சொல்லலாம். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் உயிர் போகலாம். இரண்டில் எது பெரிது என்று அவள் யோசித்தாள். வெட்கக்கேடு, முழுதாகப் பத்து நிமிடம் யோசித்தாள்.

திரை தானாகக் கீழே நகர்ந்தது. காகிதத்தில் நான்கு பக்கம்தான். திரையில் ஐந்தாவது பக்கம் வந்துகொண்டிருந்தது.

"இன்று நாலரை மணிக்கு நான் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். வக்கீல் ஆபீஸ் மின்னல் அனுப்பியதாகச் சொன்னார்கள். நல்ல பெண், வாக்குமூலம் எழுத ஆபீஸுக்குப் போன அன்றைக்கு எனக்குத் தண்ணீர் கொடுத்தவள். திறந்தேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபத்தெட்டு.

மின்னல் முகவரிக்குக் கீழே இருந்த எண்ணை அழுத்தி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாம் தடவையில்தான் குரல் வந்தது.

"யாரு?"

"அக்கா, நான் வக்கீல் ஆபீஸ் மின்னல். யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க."

"இதென்னம்மா இப்படிச் சொல்றே? நீ அனுப்பின ஆளுங்க இப்பதான் வந்தாங்க. நான் எழுதிக் கொடுத்ததை ஒரு வரி மாறாம சொல்றாங்களே."

"நான் யாரையும் அனுப்பலக்கா."

தையல்காரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப உள்ள உக்காந்திருக்கறது யாரு?"

மறுமுனையில் போன் எதன் மீதோ விழுந்தது. நாற்காலி இழுபட்டது. துணி கிழிகிற சத்தம். நீளமாக. பிறகு அதுவும் இல்லை.

திரையில் வரிகள் வந்தன. "கத்த முடியவில்லை. வாயில் துணி இருந்தது. நானே வெட்டிய துணி." அங்கே நின்றது. கீழே கையெழுத்துக்கான கோடு. கோட்டின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்தது. ஈரமாக.

ஆறாவது பக்கம் திறந்தது.

சாட்சி: மின்னல். நடந்ததைக் காதால் கேட்டவர். முகவரி என்ற இடம் காலியாக இருந்தது.

போனில் மூச்சு. ஆண் மூச்சு.

"எழுதிக்கம்மா" என்றது ஒரு குரல், கனிவாக. அவள் வீட்டு எண்ணைச் சொன்னது. நிறுத்தியது. டைப் அடிப்பவர்களுக்குச் சொல்கிற நிதானத்தில் தெருவைச் சொன்னது. மறுபடி நிறுத்தியது.

திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. மின்னல் குனிந்து பார்த்தாள்.

விசைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தவை அவளுடைய விரல்கள்.