குழலுக்குள் துணி

கம்பி உள்ளே போக மறுத்தது.

முழுக்க மறுக்கவில்லை. நாட்டுத்துப்பாக்கியின் குழலுக்குள் எப்போதும்போல வழுக்கிக்கொண்டு போய், அடி தட்டுவதற்கு நாலு விரற்கடை முன்னால் மெத்தென்று எதன் மேலோ உட்கார்ந்துகொண்டது. கம்பியில் அரத்தால் ராவிய கோடு ஒன்று உண்டு. குழல் காலியென்றால் அந்தக் கோடு குழல்வாயோடு ஒட்டி நிற்கும். வெளியே தெரிந்தால் உள்ளே வெடிமருந்தும் துணியும் கெட்டித்துக் கிடக்கிறது என்று அர்த்தம். சந்தையில் மாட்டின் வயசை வியாபாரி ஆயிரம் சொல்லலாம், பல் ஒன்றைத்தான் சொல்லும். துப்பாக்கிக்கு இந்தக் கோடுதான் பல்.

கோடு வெளியே தெரிந்தது.

ஈஸ்வரன் கம்பியை உருவி, மறுபடியும் இறக்கிப் பார்த்தான். அதே மெத்து. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். இவனும் ஒப்படைத்தான். வாங்கி வைத்த ஏட்டு இதே கம்பியை விட்டுப் பார்த்து, காலிதான் என்று தலையாட்டியதை இவன் கண்ணால் பார்த்தான். இன்று காலையில்தான் திரும்பக் கொடுத்தார்கள். மக்காச்சோளம் பால் பிடித்து நிற்கிறது. வாய்க்கால் ஓரத்தில் பன்னி உழுத மண் ஈரம் காயவில்லை. நாலு வெடி சத்தம் கேட்கவில்லையென்றால் அறுப்புக்குத் தட்டைதான் மிஞ்சும். அதனால் வெயில் தாழ்வதற்குள் குழலைக் கழுவிக் காயவைத்துவிட வேண்டும் என்று பின்வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, தண்ணி கொதிச்சுருச்சு. எங்கீங்க வெக்கட்டும்?" தமிழ்மதி குண்டாவைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இங்கயே வையி புள்ள."

"காலியாத்தானுங்க இருக்குது?"

"பின்ன, ஸ்டேஷன்ல பிரியாணியக் கெட்டிச்சா குடுத்து உடுவாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "குதிரையில செவப்புத்துணி இல்லீங்களே, அதான் கேட்டேன்."

"துணி இல்லீனா காலின்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?"

"அப்படித்தானுங்க உங்க அண்ணனும் நெனச்சாரு."

வெங்காய விலையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் தங்கமுத்து இருந்த காலத்தில் அந்த வீட்டில் எழுதாத சட்டம் அது. ராக்காவலுக்குப் போய், சுடாமல் திரும்பி வந்தவன், கெட்டித்த துப்பாக்கியைச் சுவரில் சாய்க்குமுன், கேப்பைத் தட்டி வெடிக்கவைக்கும் குதிரையில் சிவப்புத்துணியைக் கட்டிவிட வேண்டும். அடுத்துத் தொடுகிறவனுக்கு அது சொல்லிவிடும். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வருஷங்களிலும் அந்தத் துணி பேசியது. கிணற்றுத் தண்ணி முறைக்காக இரண்டு பேரும் முகம் பார்க்காமல் திரிந்தபோதும் துணி மட்டும் தவறியதில்லை.

ஒரே ஒரு விடியலில் தவறியது. காவலிலிருந்து வந்த ஈஸ்வரன் கையில் துணி இருந்தது. எதிரே குதிரையும் இருந்தது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். மறதி என்று அதற்குப் பெயர் வைத்து, அன்றிலிருந்து தனக்குத்தானே விற்றுப் பார்க்கிறான். வாங்கத்தான் ஆளில்லை. ஏனென்றால் விடிந்ததும் பின்வாசலில் அண்ணன் துப்பாக்கியை எடுத்த சத்தம் இவன் காதில் நன்றாக விழுந்தது. அண்ணனுக்கு ஒரு பழக்கம். கழுவுமுன் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, கால் பெருவிரலால் குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, குழல்வாயில் வாய் வைத்து ஊதுவான். அடியில், மருந்துக்குத் தீப்பொறி கொடுக்கும் கேப்பு மாட்டும் துளை வழியாக உஸ்ஸென்று காற்று வந்தால் அடைப்பில்லை. முன்னே குனிந்து பார்க்கிற வழக்கமில்லை. துணி இல்லையென்றால் கேப்பும் இல்லை, அவ்வளவுதான் நம்பிக்கை. ஈஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அண்ணா என்ற ஒரு சொல் போதும். அதற்குள் குதிரை வழுக்கி விழுந்து வெடித்தது.

அவரே கெட்டிச்சாரு, அவரே மறந்துட்டாரு என்று விசாரணையில் சொன்னான். சிவப்புத்துணி அடுப்பில் வெந்தது. அண்ணி முத்துப்பேச்சி நெய்க்காரப்பட்டிக்குத் தாய்வீடு போனாள். கிணற்றில் இப்போது முறையே கிடையாது. எல்லா நாளும் இவன் தண்ணிதான்.

கம்பியின் மறுமுனையில் திருகாணி மாதிரி முறுக்கு உண்டு. அதை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதில் கடிக்கவிட்டு, மெல்ல இழுத்தான். பல் பிடுங்குவதுபோல முனகிக்கொண்டு வந்தது. நுனியில் ஒரு துணிச் சுருள்.

சிவப்பு.

ஓர் ஓரம் மட்டும் கருகியிருந்தது.

சிவப்புத்துணி ஊரில் கிடைக்காததா என்று அதைத் தூர எறிந்தான். குழலைக் கவிழ்த்து மருந்தைத் தட்டினான். வெந்நீரை ஊற்றினான். ஐந்து மாசமாகச் சுடாத குழலிலிருந்து, அப்போதுதான் வெடித்ததுபோல, அழுகிய முட்டை வாடையோடு கறுப்புத் தண்ணீர் கொட்டிச் செம்மண்ணில் ஓடியது. இரண்டாம் தடவையும் கறுப்பு. அதற்கப்புறம் கறுப்புக்குள் வேறு ஒரு நிறம் கலங்கியது. துரு என்று சொல்லிக்கொண்டான். துரு இப்படி நூல் நூலாக இழுபடுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. தென்னை ஓலை அசையவில்லை. தூரத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து, பட்டென்று நின்றது. அப்போதுதான் அது காதில் விழுந்தது. கையிலிருந்த குழலுக்குள், யாரோ மூக்கால் மூச்சு விடுவதுபோல மெல்லிய இரைச்சல்.

சூடு ஆறுகிறது. அவ்வளவுதான்.

எண்ணெய்த் துணியைச் சுற்றிக் கம்பியை இறக்கினான்.

மெத்.

கோடு வெளியே நின்றது. முன்னைவிட உயரமாக.

ஏட்டு மேல் பழி போட இப்போது வழியில்லை. துப்பாக்கி இவன் கையை விட்டு அகலவே இல்லை. முறுக்கை விட்டு இழுத்தான். பச்சைக் கரைத் துண்டின் கிழிசல் வந்தது. சொட்டச் சொட்ட வந்தது. அந்தத் துண்டை அண்ணன் முகத்தில் போட்டு மூடியது இவன்தான். அதோடுதான் சிதையில் வைத்தார்கள். தானே கொள்ளி வைத்தான்.

"தமிழு!"

சொசைட்டியிலிருந்து அவள் வர இன்னும் நேரமிருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தான். எங்கே ஓடினாலும் துப்பாக்கி இவன் பேரில்தான் இருக்கிறது. கெட்டித்த துப்பாக்கியை வாசலில் போட்டுவிட்டு ஓடினால் அடுத்துத் தொடப்போவது அவள். குதிரையில் துணி இல்லை. காலி என்றுதான் எடுப்பாள்.

கட்ட வேண்டும். முதலில் ஒரு துணியைக் கட்ட வேண்டும்.

எறிந்த சிவப்புத்துணியைத் தேடினான். மண்ணில் இல்லை. குண்டாவுக்குப் பின்னால் இல்லை. பச்சைக் கிழிசலும் கையிலிருந்து எங்கேயோ போயிருந்தது.

கம்பியை இறக்கினான்.

மெத்.

இழுத்தான். இந்தத் தடவை முனகவில்லை. காத்திருந்ததுபோல வந்தது. வெள்ளைத் துணி. பனியன் துணி. காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வேர்வை வாடை. தெரிந்த வாடை.

வயிற்றில் காற்று பட்டது.

குனிந்து பார்த்தான். பனியனின் கீழோரம், ஒரு சாண் அகலத்துக்கு, இல்லை.

இதைக் கட்டினால் போதும். இதையே குதிரையில் கட்டிவிடலாம். விரலைக் குதிரைப் பக்கம் கொண்டுபோக நினைத்தான். விரல்கள் வரவில்லை. இரண்டு கையும் குழலைச் சுற்றிப் பிடித்திருந்தன. துப்பாக்கி நட்டுக்குத்தாக நின்றது. கட்டை மண்ணில் ஊன்றியிருந்தது. யார் ஊன்றியது? பனியன் துண்டு கையில் இல்லை.

கோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே இருக்கிறது.

குதிரை பின்னால் போயிருந்தது. அதன் மேல் ஒரு கால் பெருவிரல். நகத்தில் சோளக்காட்டு மண். இவன் விரல்தான். கேப்பு பித்தளையாகப் பளபளத்தது.

வாசலில் பால் கேன் கிணுங்கியது.

"ஏனுங்க, கழுவியாச்சுங்களா?"

சத்தம் போட வாயைத் திறந்தான். வாய் திறக்க இடமில்லை. உதட்டில் இரும்பு. பல்லில் இரும்பு. குழலுக்குள்ளிருந்து, அண்ணனின் பீடி வாடையோடு, சூடாக, யாரோ நிதானமாக ஒரு மூச்சு மேலே ஊதினார்கள்.

ஊதிவிட்டு, இவன் முறைக்காகக் காத்திருந்தார்கள்.